நான் வாசிக்காமல் விட்ட இரண்டு வரிகள்

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஓர் ஆவணி மாதத்தில் நடந்தது இது. எனக்கு வீடு மதுரை ஆனையூரில். வேலை, திருவாதவூரைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு பள்ளியில். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். காலையில் ஆறே முக்காலுக்குக் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் போய் நின்றுவிடுவேன். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. மதுரையின் அந்தக் கோடியிலிருந்து நானே நேரத்துக்கு வரும்போது, இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிற பிள்ளைகள் ஏன் தாமதமாக வரவேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு கர்வமும் இருந்தது. நான் பிள்ளைகளை அடிப்பதில்லை. பிரம்பு பிடித்த ஆசிரியர்களிடம் படித்தவள் நான். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்று வேலையில் சேர்ந்த நாளிலேயே முடிவு செய்திருந்தேன். தாமதமாக வந்தால் வராண்டாவில் முட்டி போடவேண்டும், ஒரு பீரியட். அவ்வளவுதான். அதுவும் தண்டனைதான், அதுவும் கூடாதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் யாரும் கேட்டதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். சராசரியாகப் படிப்பாள்; ஆனால் ஆங்கிலக் கவிதையை மட்டும் வாய்விட்டு அழகாகச் சொல்வாள். பெற்றோர் விவசாயம். முன்பு அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பம், இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறார்கள். அப்பா அறுவடை இயந்திரத்தோடு ஊர் ஊராகப் போய்விடுவார். அம்மாதான் வீட்டையும் வயலையும் பார்த்துக்கொள்வார். அந்தப் பெண் அதுவரை ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. அந்த ஒரு வாரத்தில் மட்டும் நான்கு நாள் தாமதமாக வந்தாள்.

செவ்வாய்க்கிழமை கால் மணி நேரம் தாமதம். முட்டி போடச் சொன்னேன். போட்டாள். புதன்கிழமையும் அதே கதை. அன்றைக்கு அவள் வாசலிலேயே தயங்கி நின்று, "டீச்சர், முட்டி..." என்று ஆரம்பித்தாள்.

"முட்டி போடத்தான் சொன்னேன். பேசச் சொல்லலை" என்றேன்.

வகுப்பு சிரித்தது. நானும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அவள் முகம் சிவக்க வெளியே போய் மண்டியிட்டாள். பாடம் நடத்தும்போது ஒருமுறை எட்டிப் பார்த்தேன். குதிகாலின் மேல் உட்கார்ந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, இடது முட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். "நிமிர்ந்து நில்லு" என்று குரல் கொடுத்தேன். நிமிர்ந்தாள். வியாழக்கிழமை மணி அடித்த பிறகு அவளால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமையும் விடவில்லை.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

புதன்கிழமை மதியம், ஆசிரியர் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் வந்து, "டீச்சர், ஒம்பதாம் வகுப்புப் பிள்ளையோட அம்மா வந்திருக்காக. கையில எக்ஸ்ரே வச்சிருக்காக. உங்களத்தான் பாக்கணுமாம்" என்றார்.

எக்ஸ்ரே என்ற சொல்லைக் கேட்டதும் என் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த ஆசிரியை ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. கையைக் கழுவிக்கொண்டு நடக்கும்போது மனசுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் அவளையும் நடத்தினேன். ஒழுங்குக்காகத்தான் செய்தேன். யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

அந்த அம்மா வராண்டாத் தூணருகே நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். வயலிலிருந்து நேரே வந்தவர் போல, சேலை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். கையில் பெரிய காக்கி உறை.

"சோத்துல இருந்தீகளா டீச்சர்? சாப்பிட்டு வாங்க, நான் நிக்கிறேன்" என்றார்.

சண்டைக்கு வந்தவர் பேசும் பேச்சு இல்லை அது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பரவாயில்லை, சொல்லுங்க" என்றேன்.

"பாப்பாவுக்கு ரெண்டு மூணு மாசமாவே முட்டிக்குக் கீழ வலின்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான்தான் வெளையாடுற பிள்ளைன்னு தைலத்தைத் தேச்சுவிட்டேன். சனிக்கெழம கால ஊணவே முடியல. எந்தம்பி மதுரை காளவாசல்ல மெக்கானிக்கா இருக்கான், அவந்தான் கூட்டிட்டுப் போயி அங்கன படம் எடுத்தான். அவுக இந்தத் தாளக் குடுத்துட்டு, பெரிய டாக்டரப் பாருங்கன்டாக. அம்புட்டும் இங்கிலீசு. என்னம்மா போட்டிருக்குன்னு பாப்பாகிட்டக் கேட்டேன். 'எனக்குப் புரியலம்மா, எங்க டீச்சர்கிட்டப் போ, அவுக நல்லா வாசிச்சுச் சொல்லுவாக'ன்னா."

அப்போதுதான் தெரிந்தது. அவள் வீட்டில் எதுவுமே சொல்லவில்லை. முட்டி போட வைத்தேன் என்பதைச் சொல்லவில்லை. அதற்கும் மேலே, என்னிடமே அனுப்பியிருக்கிறாள்.

தாளை வாங்கி வாசித்தேன். ஒரு பக்கம்தான் இருந்தது. இடது முழங்காலின் முன்பக்கம், முட்டிச் சில்லுக்குச் சற்றுக் கீழே, கால் எலும்பின் மேல்முனையில் மாற்றம் தெரிகிறது என்று ஆரம்பித்தது. எலும்பின் விளிம்பு சீராக இல்லை. உள்ளே ஒரு சிறு இடம் அரித்தது போல் தெரிகிறது. அதற்குக் கீழே, இதற்குக் காரணமாக இருக்கக்கூடியவை என்று ஒரு பட்டியல். வளரும் வயதில் தசைநார் இழுப்பதால் வருவது. அடிபட்டது, அல்லது அந்த இடத்தில் தொடர்ந்து விழுந்த அழுத்தம். கிருமித்தொற்று. எலும்புக் கட்டி. மேற்கொண்டு பரிசோதனை அவசியம்.

'தொடர்ந்து விழுந்த அழுத்தம்' என்ற இடத்தில் என் கண் நின்றது. அதற்குப் பிறகு 'கட்டி' என்ற இடத்தில் நின்றது.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வளர்ற வயசுல சில பிள்ளைகளுக்கு இப்படி வருமாம். கிருமியாகவும் இருக்கலாமாம். டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கு" என்றேன்.

"அம்புட்டுதானா டீச்சர்? இம்புட்டு எழுதியிருக்காகளே."

"அம்புட்டுதான்."

கட்டி என்ற வார்த்தையை அந்த வராண்டாவில் வைத்து ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது, டாக்டர் சொல்லட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. ஆனால் அந்த இரக்கத்தின் மறைவில் இன்னொரு வரியையும் சேர்த்து விழுங்கியிருந்தேன். அது எனக்காக.

வாய் தானாகச் சொன்னது: "நாளைக்கு நான் லீவு போடறேன். மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வர்றேன்."

அந்த அம்மா இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கை கூசியது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் எலும்பு வைத்தியப் பிரிவின் முன்னால் நீண்ட வரிசை. அந்தப் பெண் அம்மாவின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் அந்தக் காலோடு எழுந்து நின்று, "குட்மார்னிங் டீச்சர்" என்றாள். உட்காரச் சொன்னேன். முட்டிக்குக் கீழே ஒரு மேடு, அதைச் சுற்றித் தோல் லேசாகப் பளபளத்தது. பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் அந்த அம்மா, "பாப்பாவோட டீச்சர். லீவு போட்டுட்டு வந்திருக்காக" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு பாட்டியம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

பதினோரு மணிக்கு மேல் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் நடுத்தர வயதுக்காரர், அதிர்ந்து பேசாதவர். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். மேட்டை அழுத்தினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இந்த இடத்துல எலும்பு மாறித் தெரியறதுக்கு நாலஞ்சு காரணம் உண்டும்மா" என்று தாயிடம் சொன்னார். "ஓடியாடுற பிள்ளைகளுக்குத் தொடைத் தசை இழுத்து இழுத்து இந்த மேடு வீங்கும். அது வளர வளரச் சரியாப் போயிரும். அடிபட்டும் வரும். வேற வில்லங்கமாவும் இருக்கலாம். படம் பாதிதான் சொல்லும். மீதிய நீங்கதான் சொல்லணும். பிள்ளை எங்கயும் விழுந்துச்சா?"

"இல்லீங்க சார்."

"அடிகிடி பட்டுச்சா?"

"இல்லீங்க."

"முட்டி போட்டு ரொம்ப நேரம் வேலை பாக்குமா? களை எடுக்கிறது, தரை மெழுகுறது?"

"நான் அதெல்லாம் செய்யவே விடுறதில்ல சார். படிக்கிற பிள்ள."

டாக்டர் சீட்டில் எழுதக் குனிந்தார். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நொடி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கோபமில்லை, கெஞ்சலுமில்லை. நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்தாள், அவ்வளவுதான். உடனே தலையைக் குனிந்துகொண்டாள். நான் பேசாமலிருந்தால் அவள் கடைசிவரை காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார்" என்றேன். "முட்டி போட்டிருக்கா. நான்தான் போட வச்சேன். போன வாரம் நாலு நாள்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "எவ்வளவு நேரம்?"

"ஒரு பீரியட். நாப்பது நிமிஷம்."

"எதுல?"

"சிமென்ட் தரையில."

அவர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "ஏம்மா, அதுக்கு முந்தியே வலி இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு சார். அதான் வேகமா நடக்க முடியல. லேட்டாயிருச்சு."

"படுத்திருக்கும்போதும் வலிக்குமா?"

"ம்."

"டீச்சர்கிட்டச் சொன்னியா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். "சொல்ல வந்தா சார். நான் கேக்கலை."

அதுவரை என் முழங்கையைப் பிடித்தபடி நின்றிருந்த அந்த அம்மாவின் கை விலகியது. உதறவில்லை. மெதுவாக எடுத்துக்கொண்டு, மகளின் தலைமேல் வைத்துக்கொண்டார்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பிறகு தேவைப்பட்டால் எலும்பிலிருந்து துளி எடுத்துப் பார்க்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். வெளியே வந்தோம். நடைபாதையில் ஒரு பெஞ்சில் மகளை உட்கார வைத்துவிட்டு, அந்த அம்மா என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"ஏன் டீச்சர், டாக்டரு கேட்டாரே, முட்டி போடுறது, அடிபடுறது... அது நேத்து அந்தத் தாள்ல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நீங்க வாசிக்கல."

"வாசிக்கலைம்மா."

"வேற என்னத்த வாசிக்காம விட்டீக?"

பொய் சொல்ல இனி இடமில்லை. "கட்டியா இருக்கலாம்னும் போட்டிருக்கு" என்றேன்.

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். ஸ்ட்ரெச்சர் ஒன்று எங்களைக் கடந்து போனது. அது போகும்வரை ஒதுங்கி நின்றார். பிறகு காக்கி உறையிலிருந்து அந்தத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மொதல்லருந்து வாசிங்க. ஒரு வரி விடாம."

வாசித்தேன். ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் சொல்லி, தமிழில் சொன்னேன். பெயர், வயது, இடது கால், எல்லாமும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொன்னார். முடித்ததும் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

"இனிமே எது வந்தாலும் முழுசா வாசிங்க டீச்சர். எனக்கு வாசிக்கத்தான் தெரியாது. தாங்கத் தெரியும்."

சரி என்று தலையாட்டினேன்.

எல்லா முடிவுகளும் வரப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. அந்த நாட்களில் நான் போனில் முழங்கால் எலும்பைப் பற்றி வாசித்த அளவுக்கு எந்தப் பாடத்தையும் வாசித்ததில்லை. பிறவியிலேயே சிலருக்குச் சில்லு இரண்டு துண்டாக இருக்குமாம், அதனால் கெடுதல் இல்லையாம். தொடர்ந்து மண்டியிட்டு வேலை செய்கிறவர்களுக்கு முட்டியின் முன்னால் வீங்குமாம். எதை வாசித்தாலும் நல்ல காரணம் எது, என்னைக் கைகாட்டும் காரணம் எது என்றுதான் மனசு பிரித்துப் பார்த்தது. கட்டியாக மட்டும் இருக்கக் கூடாது என்று வேண்டினேன். அந்த வேண்டுதலுக்கு அடியில், அழுத்தத்தால் வந்ததாகவும் இருக்கக் கூடாது என்று இன்னொன்றும் இருந்தது. இரண்டில் எதை அதிகமாக வேண்டினேன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளப் பயந்தேன்.

தலைமை ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "அவங்களே புகார் சொல்லலை, நீங்க ஏன் எழுதிக் குடுக்கறீங்க?" என்றார். எழுதிக் கொடுத்தேன். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். எச்சரிக்கை ஒன்று வந்து என் பணிப் பதிவேட்டில் ஏறியது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நின்று, நான் செய்தது தப்பு என்று சொன்னேன். அன்றைக்குச் சிரித்த பிள்ளைகளில் ஒருவர்கூட நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

முடிவு வந்தது. கட்டி இல்லை. எலும்புக்குள் கிருமி இறங்கிச் சீழ் வைத்திருந்தது. ரத்தத்தின் வழியாக வந்து தங்கி, மாதக்கணக்கில் மெதுவாக அரித்திருக்கிறது. அறுவை சிகிச்சை செய்து சுத்தம் செய்தார்கள். ஆறு வாரம் மருந்து. அறுவை முடிந்த அன்று டாக்டரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். நான் முட்டி போட வைத்ததால் வந்ததா சார்?

"இல்லை" என்றார். "அதுக்கு ரொம்ப முந்தியே இருந்திருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அந்த எலும்பு மேலதான் நாலு நாள் நிக்க வச்சிருக்கீங்க. எப்படிப் பொறுத்துச்சோ அந்தப் பிள்ளை" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. நிஜமாகவே வியந்தார். அது எனக்கு இன்னும் வலித்தது.

பள்ளியில் எல்லோரும், "அப்புறம் என்ன டீச்சர், உங்க மேல தப்பில்லைன்னு ஆயிருச்சே" என்றார்கள். ஒரு நாள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முயற்சி செய்தேன். முடியவில்லை. எலும்பு மாறியதற்குக் காரணம் கிருமி என்று டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். ரத்தம், ஸ்கேன், கத்தி எல்லாம் வைத்துத்தான் அவராலேயே கண்டுபிடிக்க முடிந்தது. என்னால் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாதுதான். ஆனால் வலிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு எந்த ஸ்கேனும் தேவைப்பட்டிருக்காது. ஏன் லேட்டு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

மார்கழியில் அவள் கைத்தடியோடு பள்ளிக்குத் திரும்பினாள். கொண்டுவந்து விட்ட அந்த அம்மா, வகுப்பு வாசலில் என்னிடம், "இவ லேட்டா வந்தா எனக்கு ஒரு போன் போடுங்க டீச்சர். என்ன ஏதுன்னு நான் சொல்றேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் பழையபடி என் கையைப் பிடிக்கவில்லை. பிறகும் பிடித்ததில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அன்று சாப்பாட்டு வேளையில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்னை மன்னிச்சிரும்மா. உன்னைப் பேச விடாம செஞ்சது பெரிய தப்பு" என்றேன். அவள் பதறிப்போனாள். சாப்பிடும் கையோடு எழுந்திருக்கப் பார்த்தாள். "பரவாயில்ல டீச்சர், பரவாயில்ல" என்று இரண்டு தடவை சொன்னாள்.

இப்போது அவள் பிளஸ் டூ படிக்கிறாள். நன்றாக நடக்கிறாள். முழுதாகக் குந்தி உட்காரத்தான் கொஞ்சம் சிரமம். வழியில் பார்த்தால் சிரித்துவிட்டுப் போகிறாள். அந்தப் "பரவாயில்ல"வை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பதினாலு வயதுப் பிள்ளை, தன் டீச்சர் மன்னிப்புக் கேட்டால் வேறு என்ன சொல்லும்? அவள் வளர்ந்து, யாருக்கும் பயப்படவேண்டியில்லாத ஒரு வயதில், அதே மன்னிப்புக்கு என்ன பதில் சொல்வாளோ, அதுதான் எனக்கான உண்மையான பதில். அது என்னவாக இருந்தாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கவேண்டும் என்பதற்காகவே நான் இன்னும் தினமும் அந்த ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைகிறேன்; தாமதமாக வரும் பிள்ளையிடம் முதலில் காரணம் கேட்கிறேன்.